துவைத்துப் போட்ட வீடு

போன வாரம் மேனேஜரைத் திட்டித் தீர்த்தவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. "அந்த நாயை இன்னுமா வீட்டில் வைத்திருக்கிறார்கள்?" என்று ஒரு வாசகி பொரிந்து தள்ளியிருந்தார். நியாயம்தான் அம்மா. சலவைக்கடை அப்பா ஸ்டீம் பிரஸ் பக்கத்தில் பேச்சு மூச்சில்லாமல் விழுந்து கிடந்தபோது, ஆம்புலன்ஸ்காரர்களைக் கிட்டவே அண்டவிடாமல் மேனேஜர் பல்லைக் காட்டியதையும், பெரியவன் யாரோ வாடிக்கையாளரின் திரைச்சீலையை எடுத்து மேனேஜர்மேல் வீசிச் சுருட்டிய பிறகுதான் ஸ்ட்ரெச்சர் உள்ளே வர முடிந்ததையும் நான்தானே எழுதினேன்!

இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கு அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற நாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேனேஜர் என்பது நாய். கவுன்ட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், வருகிறவர் போகிறவரையெல்லாம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மத்தியானமானால் குறட்டை விடுவதால் அப்பா வைத்த பெயர். வீட்டில் எல்லாரும் அவரை 'அவர்' என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அது தொற்றிக்கொண்டுவிட்டது. பெரியவன் ஒருவன்தான் 'அது' என்பான். அவனுடைய முழங்கைக்குக் கீழே மேனேஜர் பல்லால் போட்ட கையெழுத்து ஒன்று இருக்கிறது, பாவம்.

பெரியவன் அப்பாவின் மகன், லிஃப்ட் மெக்கானிக். ஊரின் மறுகோடியில் குடும்பம். சின்னவள் மகள், அப்பாவோடு கடையில் நிற்கிறவள். கடைக்குப் பின்னாலேயே வீடு. அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று.

காலையில் பெரியவன் கடை வேனை எடுக்க வந்தபோது, சின்னவள் அப்பாவின் கட்டிலுக்கு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளித்தால் வழிந்து ஓடும்போல அப்படி ஒரு இஸ்திரி.

"வீடு பூரா சோப்பு வாசனையா இருக்கு. எதை விட்டு வச்சே நீ?"

"எதையும் விடலை. தலையணை, போர்வை, சட்டை, மிதியடி, வேன் சீட் உறைகூட துவைச்சாச்சு."

"நாயை?"

"அவரைத் துவைக்க உனக்குத் தைரியம் இருந்தா துவை."

பெரியவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குடும்பம் அப்படித்தான். மனசு சரியில்லை என்றால் சிலர் அழுவார்கள், சிலர் சாப்பிடுவார்கள். இவர்கள் துவைப்பார்கள். அம்மா போன அன்றைக்கு அப்பா கடையில் இருந்த அத்தனை திரைச்சீலையையும் ஒரே மூச்சில் துவைத்துத் தொங்கவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய நாளிலிருந்து சின்னவளின் கை வாளியை விட்டு வரவில்லை. அப்பா திரும்பி வரும்போது ஒரு அழுக்கு, ஒரு கிருமி இருக்கக் கூடாது. கவுன்ட்டருக்கு அடியில் மேனேஜர் படுத்துக்கொள்கிற அப்பாவின் பழைய ஸ்வெட்டரையும் உருவி எடுத்து வெந்நீரில் போட்டாள்.

ஸ்வெட்டர் காய்ந்து வந்ததும் மேனேஜர் அதை முகர்ந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் வெறும் தரையில் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி கிடக்கிறது. வயசாகிவிட்டது, அப்பாவுக்கு ஏங்குகிறார் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

"அதைப் பின்கட்டுல போட்டுப் பூட்டிடு," என்றான் பெரியவன்.

"அப்பா வந்ததும் முதல்ல அவரைத்தான் தேடுவார்."

"நீ என்ன பேசறே? அன்னிக்கு அது மட்டும் வழி விட்டிருந்தா அப்பாவுக்கு வாய் போயிருக்காது."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே அண்ணா."

"டாக்டர் சொல்லலை. நான் சொல்றேன். நான்தானே பக்கத்துல நின்னேன். கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன், சொந்த அப்பன்கிட்ட போக முடியாம."

அவன் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அவனைத் தின்றுகொண்டிருக்கிறது.

"அண்ணா, அவர் அப்பாவைப் பார்த்தா சரியாயிடுவார். எனக்காக ஒரு தடவை விட்டுப் பாரு."

பெரியவன் வேன் சாவியை விரலில் சுழற்றினான்.

"ஒரு தடவைதான். அப்பா மேல ஒரு பல்லு பட்டுச்சு, இன்னிக்கே கொண்டு போயிடுவேன். அப்புறம் நீ அழுதாலும் சரி, புரண்டாலும் சரி."

"படாது."

"சொல்லு. பட்டா?"

"கொண்டு போ," என்றாள் சின்னவள். அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் அப்பா ஏற்கெனவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல அது அவர் மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"வீட்டுக்குப் போலாமாப்பா?"

"ஆமா," என்றார் அப்பா.

"வலி ஏதாவது இருக்கா?"

"ஆமா," என்று தலையை இல்லை என்று ஆட்டினார்.

பக்கவாதம் வந்து விழுந்ததில் அப்பாவிடம் மிஞ்சிய ஒரே வார்த்தை அது. தண்ணீர் வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. கோபம் வந்தாலும் ஆமாதான், கொஞ்சம் சத்தமாக.

"இவ்வளவு சம்மதம் சொல்ற பேஷன்ட் எனக்கு வாய்ச்சதே இல்லை," என்று சிஸ்டர் சிரித்தார். அப்பாவும் பாதி வாயால் சிரித்தார். சிஸ்டர் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுச் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ரத்தம் கட்டியாகாம இருக்க மாத்திரை இதுல இருக்கு. சின்னக் கீறல் பட்டாக்கூட ரத்தம் லேசுல நிக்காது. ஷேவ் பண்றப்போகூட பார்த்துக்குங்க."

சின்னவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டையைப் போட்டுவிட்டாள். அப்பா இடது கையால் காலரைத் தடவி, கைப்பட்டியின் மடிப்பைக் கண் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தலையை ஆட்டினார். வேலை சுத்தம் என்று அர்த்தம்.

வேனில் முன்சீட்டில் அப்பாவை உட்கார வைத்தார்கள். உருப்படிகளை வீடு வீடாகக் கொடுக்கப் போகும்போது அந்த சீட்டில் மேனேஜர்தான் உட்கார்ந்திருப்பார். அப்பா கையை சீட்டின்மேல் ஓட்டித் தேடினார். ஒரு முடிகூட அகப்படவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"ஆமா?"

"வீட்ல இருக்கார்ப்பா. உங்களுக்காகத்தான் வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கார்."

பெரியவன் கியரை மாற்றினான்.

மேனேஜர் வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு அப்பாவின் முகம் புரியாது. ஒரு நாள் யாரோ ஒருவர் கடைக் கதவில் ஒரு நாயைக் கட்டிவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று போனார். வரவேயில்லை. கடையில் 'வாங்க வராத உருப்படிகள்' என்று ஒரு அலமாரி உண்டு. கோட்டு, கம்பளி, கல்யாண உடுப்பு எல்லாம் அதில் கிடக்கும். அப்பா நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு டோக்கனைக் குத்தி, "நீயும் அதுல சேர்ந்துக்கோ" என்றார். குத்திய கையையே கடித்தது நாய். அப்பா ஒரு அதட்டல் போட்டுவிட்டு மறுபடியும் குத்தினார். அன்றிலிருந்து அப்பா குரலுக்கு மட்டும்தான் மேனேஜர் அடங்குவார். மற்ற யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. கூப்பிட்டவருக்குத்தான் ஆபத்து.

வீட்டில் அப்பாவை அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து தெரு தெரிகிற ஜன்னல் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பெரியவன் மருந்துப் பையையும் மற்ற சாமான்களையும் எடுக்க வேனுக்குப் போனான். கிளம்பும்போது மேனேஜரை விட்டுச் சாத்திய பின்கட்டுக் கதவைச் சின்னவள் திறந்தாள்.

"வாங்க சார். யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க."

மேனேஜர் ஓடி வந்தார். அறை வாசலில் நின்றார். கண்ணில் பால்போலப் புரை படர்ந்து நாளாகிவிட்டது அவருக்கு. எல்லாம் மூக்குதான். மூக்கைத் தூக்கினார்.

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன்! இறங்கிக் கிடந்த பக்கம்கூடச் சிரிக்கப் பார்த்தது. "ஆமா! ஆமா!" என்றார். மேனேஜரைக் கூப்பிட எப்போதும் நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுப்பார், அதற்கு முயன்றார். நாக்கு புரளவில்லை. காற்றுதான் வந்தது.

மேனேஜர் கிட்டே வந்தார். சக்கரத்தை முகர்ந்தார். ஆஸ்பத்திரிச் செருப்பை முகர்ந்தார். சோப்பும் கஞ்சியும் மணக்கும் கால்சட்டையை முழங்கால் வரை முகர்ந்தார். வால் ஒரே ஒரு தரம் அசைந்தது. அசைந்து, யோசித்து, நின்றுவிட்டது.

மடியில் கிடந்த வலது கை அந்த நேரம் பார்த்து வழுக்கிக் கீழே சரிந்தது. பொத்தென்று மேனேஜரின் கழுத்தில் விழுந்தது.

அவர் வெடுக்கென்று திரும்பிக் கடித்தார்.

அப்பா சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அந்தக் கைக்கு எதுவும் தெரியாதே. சின்னவளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் குனிந்து பார்த்தார். விரல் நுனியிலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் பின்வாங்கிக் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். கழுத்து மயிர் சிலிர்த்து நின்றது. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தார். அது வீட்டுக்குள் திருடன் புகுந்தால் குரைக்கிற குரைப்பு. அப்பாவின் கட்டிலை அப்பாவிடமிருந்தே காவல் காத்தார்.

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. விரிப்பு, தலையணை, சட்டை, ஸ்வெட்டர், மிதியடி, சீட் உறை. எதிலும் அப்பா இல்லை. ஒரு இடம் பாக்கி விடாமல் தேய்த்துத் தேய்த்து அவரை இந்த வீட்டிலிருந்து அனுப்பிவிட்டது அவள்தான். நாயைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

அவள் மேனேஜரின் பட்டையைப் பிடித்துப் பின்கட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது அப்பா இடது கையால் ஒரு துண்டை இழுத்து வலது கையின்மேல் போட்டு மூடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சொல்லாதே என்று கெஞ்சினார்.

"அப்பா, காட்டுங்க. காட்டுங்கப்பா."

"ஆமா," என்று துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சின்னவள் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தாள். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, குளிர்ந்த தண்ணீர்தான், அதுவும் உடனே. சின்ன வயசிலிருந்து படித்த பாடம், கை அதுவாகவே செய்தது. தரையைத் துடைத்துவிடலாம். துண்டை அலசிவிடலாம். கைப்பட்டியை இழுத்துவிட்டால் காயம் தெரியாது. பெரியவன் இரண்டு நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விடுவான். எல்லாவற்றையும் மறைக்கத் தெரிந்தவள்தான் அவள்.

ஆனால் துண்டு சிவந்துகொண்டே வந்தது. இன்னொரு துண்டை வைத்து அழுத்தினாள். அதுவும் நனைந்தது. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது காதில் ஒலித்தது. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்கப்பா," என்றாள். வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அண்ணா! சீக்கிரம் வா! கடிச்சிட்டார்!"

அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தெருக்கோடி கிளினிக்கிலிருந்து நர்ஸ் வந்து கட்டுப் போட்டு, ஊசி போட்டு, ரத்தம் நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவன் அப்பாவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. இனிமே அதை இங்க வச்சிருக்க முடியாது. ராத்திரி பகல் இவ ஒருத்தியே கடையையும் பார்த்து, உங்களையும் பார்த்து, அதையும் பார்க்க முடியாது. அனுப்பிடலாம்பா. சரிதானே?"

அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தலையைப் பலமாக ஆட்டினார், இல்லை இல்லை என்று. "ஆமா," என்றார். "ஆமா... ஆமா... ஆமா!" அந்த வார்த்தையைத் துப்பிவிட்டு வேறு ஒன்றைத் தேடினார். கிடைக்கவில்லை.

பெரியவன் எழுந்தான். "ஆமான்னு சொல்லிட்டார்."

"அண்ணா, அவருக்கு வேற வார்த்தை இல்லை!"

"தெரியும்," என்றான் பெரியவன். குரல் உடைந்தது. "எனக்குத் தெரியாதா? என்னை வேற என்னதான்டி செய்யச் சொல்றே?"

அவன் கடை வாசலுக்குப் போனான். வேலைக்குப் போடுகிற தடித்த கையுறையை மாட்டிக்கொண்டான். கையில் கயிறும் பழைய கம்பளியும். மேனேஜரோடு மல்லுக்கட்டத் தயாராகத்தான் வந்திருந்தான். சின்னவள் பின்னாலேயே ஓடினாள்.

"எங்க கொண்டு போறே?"

"கேக்காதே."

"கேக்காம எப்படி இருப்பேன்?"

"சொன்னா நாளைக்கே நீ போய்க் கூட்டிட்டு வந்துடுவே. உன்னை எனக்குத் தெரியும்."

"யார்கிட்டயாவது கொடுக்கப் போறியா? இல்லை... அண்ணா, ஊசி கீசின்னு எங்கயாவது..."

"நான் ராட்சசன் இல்லை," என்றான்.

அவன் வேனைக் கிளப்பி, முன்சீட்டுப் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பின்கட்டுப் பக்கம் போனான். தாழ்ப்பாளை நீக்கியதும் கம்பளியைத் தூக்கிப் பிடித்தான்.

தேவையே இருக்கவில்லை. வேன் சத்தம் கேட்டதும் மேனேஜர் அவன் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே ஓடினார். நாள்கணக்கில் தட்டைத் தொடாதவர், ஒரே தாவலில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வால் சீட்டை அடி அடி என்று அடித்தது. காது இரண்டும் விறைத்து நின்றன. வேன் கிளம்பினால் அப்பா ஓட்டுவார் என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. ஓட்டுகிற இடத்தில் பெரியவன் வந்து உட்கார்ந்தபோது உறுமக்கூட இல்லை. போ, சீக்கிரம் போ, அவரிடம் கூட்டிப் போ என்கிற மாதிரி ரோட்டையே பார்த்தார்.

பெரியவன் கையுறையைக் கழற்றி மடியில் போட்டான். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தான். அவன் அழுததை மேனேஜரைத் தவிர யாரும் கிட்டேயிருந்து பார்க்கவில்லை.

அறைக்குள்ளே அப்பா இடது கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

மேனேஜரின் காது திரும்பியது. தலையும் திரும்பியது. ஜன்னலுக்குப் பின்னால் யாரோ ஓர் ஆள். வேனை நெருங்கப் பார்க்கிற ஆள். அவரைப் பார்த்து ஒரு தரம் அதட்டலாகக் குரைத்துவிட்டு, அப்பா எந்தப் பக்கமிருந்து வருவாரோ என்று மறுபடியும் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

வேன் நகர்ந்தது. தெருமுனையில், உருப்படி கொடுக்க எப்போதும் திரும்புகிற பக்கம் திரும்பவில்லை. மறுபக்கம் போயிற்று.

சின்னவள் உள்ளே வந்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காலி ரோட்டைக் காட்டினார்.

"ஆமா?" என்று கேட்டார்.

"தெரியலைப்பா," என்றாள் அவள். "எங்கிட்ட சொல்லலை."

அவர் பிடியை விடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.